பிரேக் பேட் மாற்றிய வகையில் அக்காவுக்கு ஒரு விளக்கம்

ஸ்கார்பரோ,
ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். முதலில் உன் அழுகை, நடுவில் அம்மா போனைப் பிடுங்கி அழுத அழுகை, கடைசியில் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மச்சான், எதுவா இருந்தாலும் மறைக்காத. ஊருக்கு வந்துடு, போட் இருக்குது" என்று சொன்னது. எல்லாவற்றையும் கேட்டேன். மாமாவுக்கு என்மேல் இவ்வளவு பாசம் இருப்பது தெரிய வந்ததே, அந்த மட்டும் லாபம்.

எனக்கு வேலை போகவில்லை. மெக்கானிக் ஷெட்டிலும் சேரவில்லை. உன் தம்பி பொண்டாட்டி ஸ்டேட்டஸில் வைத்த படத்தில் முகமெல்லாம் கரியோடு காருக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடப்பது நான்தான். ஆனால் அது என் சொந்தக் கார், நான் குடியிருக்கும் வீட்டு வாசல், சனிக்கிழமை, லீவு நாள். கீழே "மை ஹஸ்பண்ட் தி மெக்கானிக்" என்று அவள் எழுதியது கிண்டல். அதை எதிர்வீட்டு அத்தை பையன் படித்து, பழவேற்காடு மார்க்கெட் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். அவனுடைய அரியர் பேப்பர் பற்றி நான் எப்போதாவது யாரிடமாவது வாய் திறந்திருக்கிறேனா?

"மெக்கானிக்குக் குடுக்கக்கூட காசு இல்லையா?" என்று கேட்டிருக்கிறாய். காசு இருக்கிறது, மனசு வரவில்லை. பின்சக்கரம் இரண்டுக்கும் பேடும் டிஸ்க்கும் மாற்ற 650 டாலர் கேட்டார்கள். நம்ம கணக்கில் ஏறக்குறைய 40 ஆயிரம். சாமான் மட்டும் வாங்கினால் 200 டாலருக்குள் முடிகிறது. மீதியெல்லாம் கூலி. கூலிக்கு அவ்வளவு கொடுப்பதைவிட நாமே அந்தக் கூலியாளாகிவிட்டால் என்ன என்று தோன்றியது. அதற்குத்தான் அந்தக் கோலம்.

இத்தனைக்கும் அந்த பிரேக் ஓடித் தேயவில்லை. உப்பு தின்றுவிட்டது. நைனாவிடம் சொன்னால் சிரிப்பார். உப்புக்காற்றில் சைக்கிள் போர்க் அறுந்து விழுகிற ஊரில் இவன் கிடக்க வேண்டாம் என்றுதானே என்னைப் பொன்னேரி காலேஜுக்கு அனுப்பினார்? இங்கே கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும். ஆனால் குளிர்காலம் முழுக்க ரோடெல்லாம் உப்பு. பனி இறுகாமல் இருக்க ராத்திரியில் லாரி லாரியாகக் கொட்டுகிறார்கள். ஐஸ் கம்பெனியில் கேனுக்குள் இருக்கும் தண்ணி கட்டியாகும், கேனைச் சுற்றி நிற்கும் உப்புத்தண்ணி மட்டும் உறையாதே, அதே சங்கதிதான். அந்த உப்புத்தண்ணியில் நாலைந்து மாசம் ஊறினால் எந்த இரும்பு தாங்கும்?

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேள். இந்த மாகாணத்திலேயே ஹூரான் ஏரிக்கரையில் காட்ரிச் என்று ஓர் ஊர். 1866-ல் எண்ணெய் கிடைக்குமா என்று துளை போட்டவர்களுக்கு உப்பு கிடைத்தது. இப்போது ஏரிக்கு அடியில் 550 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் வைத்து வெட்டுகிறார்கள். பூமிக்கு அடியில் இருக்கும் உப்புச் சுரங்கங்களில் உலகத்திலேயே பெரியது அதுதான். மேலே அலையடிப்பது நல்ல தண்ணி, கீழே மலை மலையாக உப்பு! நாம் ஊரில் நம்ம ஏரி முகத்துவாரம் தூர்ந்துபோய்க் கடல்தண்ணி உள்ளே வரவில்லை, இறால் ஏறவில்லை என்று மனு மேல் மனுவாகக் கொடுத்தவர்கள். இங்கே, ரோட்டு உப்பெல்லாம் உருகி ஓடி ஏரித்தண்ணி கெடுகிறது என்று கவலைப்படுகிறார்கள். உப்பை எப்படிச் சேமிக்கணும், எப்படித் தூவணும் என்று 2004-ல் கவர்மெண்டே நடைமுறை வகுத்துக் கொடுத்திருக்கிறது. அதனால் ஏரிக்கு என்ன நன்மையோ, என் டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை.

இனி வருவது மாமாவுக்கு. சத்தமாகப் படி.

மாமா, பழைய காரில் ஹேண்ட்பிரேக் என்றால் கரகரவென்று இழுக்கிற லீவர். என் காரில் அது ஒரு சின்ன சுவிட்ச். அதைத் தூக்கினால் பின்சக்கரத்துக்குள் ஒரு குட்டி மோட்டார் "ஞீ..." என்று முனகிக்கொண்டே பிஸ்டனைத் தள்ளி, பேடை டிஸ்க்கோடு சேர்த்து நெரிக்கும். புதுப் பேட் தடிமனாக இருக்கும். பிஸ்டன் பின்வாங்கினால்தான் அதற்கு இடம் கிடைக்கும். கிளாம்ப் போட்டு அமுக்கலாம் என்றால், மோட்டார் இறுக்கிப் பிடித்திருக்கும்போது அமுக்கினால் உள்ளே இருக்கும் திருகு உடைந்துவிடும். ஆகவே நம் காரின் பின்பிரேக்கில் கைவைக்க, காரிடமே முன் அனுமதி வாங்க வேண்டும்.

வாங்கும் விதம் இது. இக்னிஷனை ஆன் செய்யணும், ஆனால் இஞ்சின் ஸ்டார்ட் ஆகக்கூடாது. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதிக்கணும். மிதித்த கால் மிதித்தபடி இருக்க, அந்தச் சுவிட்சை மேலே இத்தனை தடவை, கீழே இத்தனை தடவை. அதுவும் ஐந்து விநாடிக்குள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் முதலிலிருந்து. ஓடாத இஞ்சினுக்கு எதற்கு ஆக்ஸிலேட்டர், அதை மிதித்தால் பிரேக்குக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்கக்கூடாது. பிரேக்கைக் கழற்றுவதற்கு ஆக்ஸிலேட்டரை மிதிக்கணும் என்று யோசித்த புண்ணியவான் எந்த நாட்டில் சம்பளம் வாங்குகிறானோ!

அக்கா, உன் தம்பி பொண்டாட்டியை சீட்டில் உட்கார வைத்தேன். சின்னவனை எண்ணச் சொன்னேன். நான் சக்கரத்துப் பக்கம் குந்தி மோட்டார் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தேன்.

"மிதி!"

"மிதிச்சிக்கினுதான் இருக்கேன்!"

"தூக்கு! இறக்கு! எத்தினி ஆச்சு?"

"அவன் இங்கிலீஷ்ல எண்றான், நீ தமிழ்ல கத்துற, நான் எத்த கேக்குறது?"

கார் "டிங்" என்றது. பார்க்கிங் பிரேக்கில் கோளாறு, டீலரைப் பார்க்கவும் என்று எழுத்து வந்தது. அணைத்துவிட்டு மறுபடி. இந்தத் தடவை சின்னவனுக்குத் தும்மல் வந்து கணக்கு விட்டுப்போயிற்று. பிறகு அவள், "நீ பேசாம இரு, நானே எண்ணிக்கிறேன்" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். உடனே மோட்டார் "ஞீ..." என்று பின்வாங்கியது, மஞ்சள் விளக்கு எரிந்தது, மெயின்டனன்ஸ் மோட் என்று கார் சம்மதித்தது. நான் வாயை மூடுவதும் அனுமதி முறையில் ஒரு படி என்று புத்தகத்தில் போட்டிருக்கலாம். கனடா விசா கைக்கு வந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை. வேலை முடிந்ததும் இதே சடங்கைத் திரும்பச் செய்தால்தான் ஹேண்ட்பிரேக் மறுபடி உயிர்பெறும். அதையும் அவளே செய்தாள், என்னை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு.

பிரேக்கே இல்லாத வண்டி ஓட்டுகிற குடும்பம் நம்முடையது. இஞ்சினை அணைத்தோமா, கழியை ஊன்றினோமா, கரை வந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கதி.

அடுத்தது டிஸ்க். ஹப்பில் செருகியிருக்கிற வார்ப்பிரும்புத் தட்டு அது, இழுத்தால் கையோடு வந்துவிடும் என்று யூடியூபில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே காட்டுகிறான். அவன் கலிபோர்னியாக்காரன். ரோட்டில் உப்பைக் கண்டவன் இல்லை. என்னுடையது ஹப்போடு ஒட்டிப்போய், எது ஹப், எது டிஸ்க் என்று தெரியவில்லை. வெளிப்பக்கம் பளபளவென்றுதான் இருந்தது. உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் தகடு தகடாகத் துரு உரிந்து வந்தது. உள்பக்கத்துப் பேடில் உராய்கிற மருந்தே இல்லை, வெறும் இரும்புத் தகடு. வெளிப்பக்கத்துப் பேடில் பாதி மருந்து அப்படியே மிச்சம். பேடைப் பிடித்திருக்கிற காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு பின் உண்டு. அது உப்பில் இறுகிவிட்டால் ஒரு பேடே எல்லா வேலையையும் செய்து சாகும். நம்ம வீட்டில் நீ செய்யவில்லையா?

சுத்தியலால் அடித்தேன். எண்ணெய் விட்டு அடித்தேன். நைனாவை நினைத்து, அவர் வாயில் வருகிற நாலு வார்த்தை சொல்லி அடித்தேன். அசையவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு அண்ணர் டீ கப்போடு வந்தார். வல்வெட்டித்துறைக்காரர், நம்மைப் போலக் கடற்கரை ஆள். "தம்பி, சுத்தியலை வையும். உதில ரெண்டு ஓட்டை இருக்கெல்லே? போல்ட்டைப் போட்டு மாறி மாறி இறுக்கும், தானா வெளிக்கிடும்" என்றார். அவரே ஒரு பழைய பிஸ்கட் டின்னிலிருந்து இரண்டு போல்ட் பொறுக்கிக் கொடுத்தார். இறுக்க இறுக்க ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று "டொக்". டிஸ்க் என் காலுக்கு ஒரு விரல்கடை தள்ளி விழுந்தது. அண்ணர் ஒரு மிடறு டீ குடித்துவிட்டு, "மற்றப் பக்கமும் இருக்கு" என்று சொல்லிப் போய்விட்டார்.

ஊரில் ஒரு போட்டைக் கரையில் ஏற்றினால் கூப்பிடாமலே பத்துப் பேர் வந்து கைவைப்பார்கள். அதில் நாலு பேர் கைவைக்காமல் யோசனை மட்டும் சொல்வார்கள். இங்கே ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறார்கள். "இன்னாடா பண்ற?" என்று கேட்க ஓர் ஆள் தெருவில் இல்லை. கேட்டிருந்தால் எரிச்சல்தான் வந்திருக்கும். ஆனாலும் அந்த யோசனை சொல்கிற நாலு பேர் இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை அக்கா.

புது டிஸ்க் வாங்கிய கடைக்குப் பெயர் கனேடியன் டயர். 1922-ல் தொடங்கிய கடை. இப்போது டயரோடு சட்டி பானை, பூச்செடி, தூண்டில் எல்லாம் விற்கிறது. 1958-லிருந்து சொந்தமாக நோட்டு அடித்துக் கொடுத்த கடை. சாமான் வாங்கினால் அந்த நோட்டைத் தந்துகொண்டிருந்தார்கள், அதே கடையில் செல்லும். டிஸ்க் டப்பாவில் மேட் இன் இந்தியா என்று இருந்தது. எந்த ஊர் என்று போடவில்லை. பாடிதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிரேக்ஸ் இந்தியா 1962-லிருந்து அங்கே இருக்கிறதே. காட்டுப்பள்ளியில்தான் கப்பல் ஏறியிருக்கும் என்று அதையும் சேர்த்துக்கொண்டு அண்ணரிடம் சொன்னேன். "அப்ப உம்மட ஊருக்குப் பக்கத்தில இருந்துதான் வந்திருக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கைத் துடைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன்.

நைனாவிடம் இதையும் சொல்: சக்கரத்து நட்டை இத்தனை இறுக்கம்தான் இறுக்கணும் என்று கணக்கு உண்டு. அளவு வைத்து இறுக்குகிற ஸ்பானர், அந்த அளவு வந்ததும் "டக்" என்று சொல்லும். என் காருக்கு 108 நியூட்டன் மீட்டர். 108 என்றதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி, அதுவரைக்கும் நான் செய்த எந்த வேலைக்கும் வராதது.

பிறகு புதுப் பேடைப் பழக்கணும். 50, 60 வேகத்தில் போய், முழுசாக நிற்காமல் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து, மறுபடி குறைத்து. அப்போதுதான் பேட் மருந்து டிஸ்க்கில் சீராகப் படியும். காலி ரோட்டில் அப்படி ஓட்டியபோது நான் குடித்திருப்பதாக யாராவது போலீசுக்குச் சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை. இப்போது வண்டி சத்தமில்லாமல் நிற்கிறது. நேற்று சிக்னலில் நின்றபோது பக்கத்துக் கார்க்காரனிடம் கண்ணாடியை இறக்கிச் சொல்லலாமா என்று இருந்தது.

ஒரே ஒரு வருத்தம். ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்கிறேன். என்ன கணக்கு, யார் முதலாளி என்று ஒருத்தராவது கேட்டீர்களா? ஒரு படத்தில் கையில் கிரீஸ் பட்டதும் ஊரே விசாரிக்கிறது. இன்னொன்று, மெக்கானிக் என்றால் என்ன கேவலமா? இந்த மாகாணத்தில் கார் மெக்கானிக் ஆக வருஷக்கணக்கில் அப்ரென்டிஸாக இருந்து, பரீட்சை எழுதி, 310எஸ் என்று லைசென்ஸ் வாங்கணும். நான் போய் நின்றாலும் சேர்க்க மாட்டார்கள். அத்தை பையனிடம் இதை மட்டும் தவறாமல் சொல். அவனுக்குப் பரீட்சை என்றால் புரியும்.

அம்மா சீட்டை எடுத்து எனக்கு 20 ஆயிரம் அனுப்பப் போகிறாள் என்று நீ சொன்னதைக் கேட்டு இவள் அழுதுவிட்டாள். ஸ்டேட்டஸையும் எடுத்துவிட்டாள். சீட்டைத் தொட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். மெக்கானிக்குக் கொடுக்காமல் மிச்சமானதில் 15 ஆயிரம் உன் அக்கவுண்டில் போட்டிருக்கிறேன், வலைக்கு. கடலில் தடைக்காலம் தொடங்கியாச்சு, ஏரி நண்டுக்கு நல்ல விலை இருக்கும். இந்த மாசமே வலையை வாங்கிவிடுங்கள். பணத்தை மாமா கையில் கொடுக்காதே, நீயே போய் வலைக்கடையில் கட்டிவிடு. இந்த வரி வரும்போது மட்டும் சத்தமாகப் படிக்காதே.

இப்படிக்கு,
உன் தம்பி