முந்திச் சொன்னவருக்கே கட்டைவிரல்

எங்கள் செம்பூர் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் நாலாவது மாடி மாமாவுடையதுதான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வியை முழுசாகப் படித்துவிட்டுப் பதில் எழுதுகிற கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது. "நாளைக்குத் தண்ணி வருமா?" என்று இரண்டாவது மாடி மாமி கேட்டு வாய் மூடுவதற்குள் "பேஷா வரும்" என்று போட்டுவிடுவார். அதன் கீழே மளமளவென்று மஞ்சள் கட்டைவிரல்கள் முளைக்கும்.

முக்கால் மணி நேரம் கழித்து சொசைட்டி செக்ரட்டரி, குழாய் பழுது பார்ப்பதற்காகத் தண்ணீர் நிறுத்தப்படும் என்ற மாநகராட்சி அறிவிப்பைத் தேடிப்பிடித்து, வார்டு, நேரம் எல்லாவற்றையும் அடிக்கோடிட்டுப் போடுவார். அதற்கு ஒரே ஒரு கட்டைவிரல் விழும். அது அவர் மனைவியுடையது. மறுநாள் குழாயைத் திறந்தால் காற்று வரும். ஆனால் மாமாவுக்குக் கொடுத்த கட்டைவிரலை யாரும் திரும்ப வாங்கிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

இது எங்கள் கட்டடத்துக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்திருந்தேன். இல்லையாம். 2013-இல் லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் என்ற மூவர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு செய்தித் தளத்தில் வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில் சிலவற்றுக்கு மட்டும், பிறந்த உடனேயே, ஆய்வாளர்களே ஒரு கள்ள ஓட்டுப் போட்டார்கள். சாதகமான கள்ள ஓட்டு விழுந்த கருத்துக்கு, அடுத்து வந்தவரும் ஆதரவாக ஓட்டுப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் அந்தக் கருத்துகளின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் ஏறியிருந்தது. பாதகமாகப் போட்ட கள்ள ஓட்டு மட்டும் பலிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அதைச் சரிக்கட்டிவிட்டார்களாம். ஆகவே மாமாவைக் கவிழ்க்க தலைகீழ்க் கட்டைவிரல் உதவாது. பொது அறிவுக்காகச் சொல்கிறேன்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் படிக்காமலே விஷயத்தைப் புரிந்துவைத்திருப்பவர் எங்கள் தெருவுக்கு வரும் இரண்டாவது இட்லிக்காரர். தாராவியில் விடிவதற்கு முன்பே இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு, பாம் பாம் என்று ஹார்னை அமுக்கியபடி பம்பாயின் தெருக்களில் பரவுகிற தமிழர்களில் ஒருவர். எங்கள் தெருவுக்கு இரண்டு பேர் வருகிறார்கள். முதல் ஆள் ஏழு மணிக்கு. இவர் ஏழேகாலுக்கு மேல். இவருடைய தேங்காய்ச் சட்னியில் தேங்காய் இருக்கும். முதல் ஆளின் சட்னியில் நம்பிக்கை இருக்கும். ஆனாலும் கூட்டம் முதல் ஆளிடம்தான்.

"அண்ணாச்சி, உங்க சட்னியை விட்டுட்டு எல்லாரும் அங்கயே போறாங்களே, ஏன்?" என்று கேட்டேன்.

"ருசியெல்லாம் அப்புறம் சார். அவன் வாரப்போ உங்களுக்குப் பசி. நான் வாரப்போ ஏப்பம்."

'சயன்ஸ்' இதழ் இவரைக் கேட்டிருந்தால் ஒரே பக்கத்தில் முடித்திருக்கலாம். கேள்வி கேட்கும் மனிதனுக்குப் பசி அந்த முதல் ஐந்து நிமிடம்தான். அப்போது இலையில் எது விழுகிறதோ அதுவே விருந்து. பிற்பாடு வருகிற சரியான பதிலை, சாப்பிட்டு முடித்தவன் பாயசத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறான்.

எங்கள் செக்ரட்டரியும் இதைத் தாமதமாகவேனும் கற்றுக்கொண்டார். இப்போதெல்லாம் தனியாகப் பதில் போடுவதில்லை. "மாமா சொன்னது ரொம்ப சரி. தண்ணீர் வரும். புதன்கிழமை வரும்" என்று மாமாவின் வாலைப் பிடித்துக்கொண்டே எழுதுகிறார். கட்டைவிரல்கள் குவிகின்றன. மாமாவும் ஒன்று போடுகிறார்.

சபாவிலும் இதே கதைதான். சண்முகானந்தா அரங்கில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போய், முத்தாய்ப்பாகக் கோர்வை வரும். கோர்வை மூன்று தரம் என்று மாட்டுங்காவில் பால்காரருக்கும் தெரியும். ஆனால் இரண்டாவது தரம் முடிகிற இடத்தில், எங்கோ நடு வரிசையில், தாளம் தெரிந்தவர் என்று பக்கத்து ஸீட்டுக்குக் காட்டிக்கொள்ள விரும்பும் ஒரு கை 'டப்' என்று தட்டும். பக்கத்து ஸீட் தட்டும். பால்கனி தட்டும். மிருதங்கக்காரர் ஒரு சின்னச் சிரிப்போடு மூன்றாவதை வாசித்து முடிக்கும்போது பாதிப் பேருக்குக் கை ஓய்ந்திருக்கும். நிஜமான முடிவுக்குக் கிடைப்பது மிச்சமிருக்கும் தட்டல்தான்.

அப்படியென்றால் முந்தியவருக்கு எப்போதுமே ஜயமா? மாட்டுங்காவுக்கு நடந்து போனால் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. அங்குள்ள பழைய சாப்பாட்டுக் கடைகளில் கஃபே மைசூர் 1936-இல் வந்தது. ராம் ஆஷ்ரயா 1939. கஃபே மெட்ராஸ் 1940. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942. எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. விதிப்படி நீளமான வரிசை 1936-க்குத்தான் போக வேண்டும். அதற்கு முகேஷ் அம்பானியே ஓட்டுப் போட்டிருக்கிறார்; மாட்டுங்காவில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த காலத்துப் பிரியம். இருந்தும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் பார்க்கும் மகா வரிசை கஃபே மெட்ராஸ் வாசலில்தான். (பெயர்தான் மெட்ராஸ். தொடங்கியது கர்நாடகத்துக் காமத் குடும்பம். மதராஸிகள் என்று நம்மைக் கூப்பிடும் ஊரில் இதைப் பற்றிக் கோபித்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை.)

அந்த வரிசையில் காட்கோபரிலிருந்து வந்த ஒரு குஜராத்திக் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. இங்கே என்ன விசேஷம் என்று விசாரித்தேன். "இத்தனை பேர் நிற்கிறார்களே, சும்மாவா நிற்பார்கள்?" என்றார் குடும்பத் தலைவர். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவரை நம்பி இன்னும் நாலு குடும்பம் நின்றது.

2006-இல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்பவர்கள் இதையும் சோதித்திருக்கிறார்கள். யாரும் கேட்டிராத 48 பாட்டுகள், 14,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள். அவர்களில் பெரும்பகுதியை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதை மட்டும் காட்டினார்கள். ஒவ்வோர் உலகத்திலும் வேறு வேறு பாட்டு மேலே போயிற்று. மிக நல்ல பாட்டு பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகவில்லை, மிக மோசமானது அபூர்வமாகவே உச்சிக்கு வந்தது. நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்தை முதலில் கை வைத்த சிலர்தான் எழுதினார்கள்.

ஆக, கடை திறந்த வருஷம் முக்கியமில்லை. வாசலில் முதலில் நின்ற நாலு பேர்தான் முக்கியம். எட்டு மாட்டுங்கா இருந்திருந்தால், ஏதோ ஒன்றில் அந்த வரிசை ராம நாயக் படிக்கட்டிலிருந்து ரயில் நிலையம் வரை நீண்டிருக்கும். கஃபே மெட்ராஸில் போனவுடன் ரசவடை கிடைத்திருக்கும்.

நமக்கு வாய்த்த மாட்டுங்காவில் அதற்கு ஒரே வழி, வேலை நாளில் போவதுதான். கூட்டம் இல்லாதபோது சாப்பிட்டுப் பாருங்கள். ருசியில் வடையின் பங்கு எவ்வளவு, வரிசையின் பங்கு எவ்வளவு என்று நாக்கு பிரித்துச் சொல்லிவிடும். திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள். அன்று விடுமுறை.