கொசுறுக் குருவி

ஒட்டாவா,
ஜனவரி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெளியே மைனஸ் 25. ஃப்ரீசருக்குள் மைனஸ் 18தான். எங்களைவிட அதிலிருக்கும் வஞ்சிரத்துக்கு நல்ல வாழ்வு.

குளிர்காலம் முழுக்க என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாயே, சனிக்கிழமைதோறும் சர்ச் கீழ்த்தளத்தில் பறவைப் படம் வரைகிறேன். பிரஷால் அல்ல, கத்தியால். "கத்தி வாங்கணும், காசு கொடுங்க" என்றதும் இவர், "குழம்பு நல்லாத்தானே இருக்குன்னேன்?" என்றார். பயப்பட அதில் ஒன்றுமில்லை. கொத்தனார் கரண்டியைப் பொம்மை அளவில் செய்தது மாதிரி, வளைந்துகொடுக்கும் தகடு. கெட்டி எண்ணெய்ச் சாயத்தை அள்ளி அப்பி இழுத்தால் பனிமேடு. விளிம்பால் ஈரச் சாயத்தைக் கீறினால் மொட்டைக் கிளை. இழுப்புக்கு இழுப்பு கத்தியைத் துடைக்காவிட்டால் எல்லாப் பறவையும் காக்காய்தான்.

சொல்லித்தரும் அம்மா ரிட்டயர்டு நர்ஸ். ஜெபம் பண்ணாமல் சாய டியூபைத் திறக்கமாட்டார். பிரஷ் கிடைத்தால் நாங்கள் இறகு இறகாக எண்ணி வரைய உட்கார்ந்துவிடுவோமாம். "தலைமுடியை எண்ணுகிறவர் ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார், அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்" என்பார்.

இங்கே குளிரிலும் ஊரைவிட்டுப் போகாத பறவைகளில் அழகு கார்டினல்தான். ஆண் பறவை செக்கச்செவேல். ஆனால் அதற்கு வேண்டிய காட்மியம் சிவப்பு விலையைக் கேட்டதும் எனக்குச் சிக்கடீ என்ற குட்டிப் பறவை மேல் பக்தி வந்துவிட்டது. கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், சாம்பல் முதுகு; எல்லாம் மலிவான சாயம். எடை 11, 12 கிராம்தான் இருக்கும். ராத்திரி உடம்புச் சூட்டைப் பத்து டிகிரி வரைகூட இறக்கிக்கொண்டு, இறகை உப்பவிட்டு, விடியும்வரை தாக்குப்பிடிக்கும். ஹீட்டர் பக்கத்தில் இரண்டு கம்பளிக்குள் கிடந்து முனகுகிறவள் அதை வரைகிறேன்!

"பனி வெள்ளைதானே, நிழலை ஏன் நீலமா அப்புறே?" என்று இவருக்குச் சந்தேகம். ஓவியர் மோனே பனியில் ஒரு மேக்பை பறவையை வரைந்து, நிழலுக்கு நீலம் போட்டார். 1869இல் பாரிஸ் சலோன் நடுவர்கள் அந்தப் படத்தைத் தள்ளிவிட்டார்கள். இன்று அது ஓர்சே மியூசியத்தில் இருக்கிறது. சொன்னேன். இவர் இன்னும் நடுவர்கள் கட்சிதான்.

போன வாரம் வகுப்பில் குருவி வசனங்களைப் படித்தோம். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் பார் அக்கா, ஐந்தாவது கொசுறு! தேவன் மறக்காத கூட்டத்தில் அதுவும் சேர்த்தி. எத்தனை பிரசங்கம் கேட்டோம், நம்ம ஐயர் ஒருத்தராவது இந்தக் கணக்கைப் போட்டாரா? பாளை மார்க்கெட்டில் கத்தரிக்காயோடு நீ மிரட்டி வாங்கும் கறிவேப்பிலையைச் சொல்லித்தான் வகுப்புக்குக் கொசுறை விளக்கினேன். மல்லித்தழைக்கே தனி பில் போடும் ஊர், பாதிப்பேர் நம்பவில்லை. டீச்சரம்மா மட்டும் எழுந்துவந்து, என் படத்தில் தீனித்தட்டைச் சுற்றியிருந்த நாலு சிக்கடீயைப் பார்த்துவிட்டு, "அஞ்சாவது எங்கே?" என்றார். ஓரத்தில் வைத்தேன். இருப்பதில் அதுதான் பறவை மாதிரி இருக்கிறது.

படத்தை உனக்குத்தான் அனுப்பப்போகிறேன். சாயம் கனமாக அப்பியிருப்பதால் உள்ளே காய மாதக்கணக்காகும். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுப்பதாயிருந்தால், அத்தானையே முதல் கேள்வி கேட்கச் சொல். இல்லாவிட்டால் யாராவது பூசணிக்காயை ஏலம் எடுத்து, இதைக் கொசுறாகக் கேட்பார்கள்.

உன் அன்புத் தங்கச்சி