கும்மிடிப்பூண்டியில் கம்பளிப் போர்வை: பனியன் வேஸ்ட் வழியே ஓர் ஆய்வு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பளிப் போர்வைக்கு என்ன வேலை என்ற கேள்வியை இவ்வாய்வு தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவைக்கிறது. ஜனவரி இரவிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் வட்டாரம்தான். ஆனால் வெயில் போர்வையைத் தடுத்ததாகச் சான்றில்லை, எதிர்ச்சான்று உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்’ குழு, உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வைக்கான கின்னஸ் சாதனையை 2016 ஜனவரி 31 அன்று படைத்தது சென்னையில்தான். பரப்பு 11,148.5 சதுர மீட்டர், அதாவது இரண்டே முக்கால் ஏக்கர். மனைக் கணக்கில் சிந்திக்கும் திருவள்ளூர் மாவட்டத்தாருக்கு இது உடனே புரியும்.

குரோஷாவுக்கு ஒரு கொக்கி ஊசி, நிட்டிங்குக்கு இரண்டு ஊசி. இரண்டும் ஒன்றுதானே என்பவரைப் பின்னுகிறவர்கள் பார்க்கும் பார்வை தனி ஆய்வுக்குரியது.

நம் பொருள் நிட்டிங். அதிலும், பல பின்னல்களைக் கலந்து சொந்தமாக ஒரு போர்வையை வடிவமைப்பது. அமெரிக்கரான பார்பரா வாக்கர் 1974இல் வெளியிட்ட புத்தகத்தில் 63 சதுரங்களைப் பின்னி இணைத்தே போர்வை ஆக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் புத்தகம் கிடைக்காதவர்கள் வருந்த வேண்டாம். மூலச்சான்றுகள் சிப்காட் பட்டறைகளில் மூட்டையாகக் கிடக்கின்றன: எண்ணெய் துடைக்க வாங்கும் பனியன் வேஸ்ட்.

ஒரு துண்டை எடுத்து விரித்தால், வெளிப்பக்கம் ‘வி’ எழுத்துகள் அடுக்கடுக்காக நிற்கும். உள்பக்கம் சின்னச் சின்ன மேடுகள். கையில் ஒரு வரிசை ‘நிட்’, ஒரு வரிசை ‘பர்ல்’ என்று மாற்றிப் போட்டால் வருவதும் இதே பின்னல்தான். துண்டைச் சற்று இழுத்து விட்டால் பக்க ஓரங்கள் உள்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் வெளிப்பக்கமாகவும் சுருண்டுகொள்ளும். மெஷின் துடைப்பவருக்கு இதனால் நஷ்டமில்லை. ஐந்தடிப் போர்வை இப்படிச் சுருண்டால் வீட்டில் பேச்சு வரும். அதே மூட்டையில் டிஷர்ட் கழுத்துப் பட்டி ஒன்றும் அகப்படும். அது ரிப், சுருளாது, ஆனால் அகலத்தில் ஒடுங்கி நிற்கும், இழுத்தால் விரியும்.

ஆக, பின்னல்களை முகலட்சணம் பார்த்துச் சேர்த்தால் குடித்தனம் நடக்காது. கேபிள் எனும் ஜடைப் பின்னல் கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுவதால் அகலத்தைத் தின்னும். துளைகள் விழும் லேஸ் பின்னலோ கிடைத்த இடமெல்லாம் பரவும். ஒரே கண்ணி எண்ணிக்கையில் லேஸுக்கு நடுவே ஜடையை வைத்தால் போர்வைக்கு இடுப்பு விழுந்துவிடும். பரிகாரம், ஜடை தொடங்குமிடத்தில் கண்ணிகளைக் கூட்டி, முடியுமிடத்தில் குறைப்பது.

அடுத்தது கணக்கு. 4 கண்ணிக்கு ஒருமுறை திரும்பும் பின்னல், 6க்குத் திரும்புவது, 10க்குத் திரும்புவது மூன்றையும் அடுக்க மீ.பொ.ம. 60. ஆறாம் வகுப்பில் “இது எதுக்கு சார்?” என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. 180 கண்ணி எடுத்து, இருபுறமும் ஆறாறு கண்ணி கார்ட்டர் கரை வைத்தால் 192. எல்லா வரிசையும் நிட்டாகவே போடும் கார்ட்டர், ஓரத்தைச் சுருளவிடாது.

மாதிரித் துண்டு போட்டு அளக்காமல் இறங்குகிறவர்கள் உண்டு. 10 செ.மீ.க்கு 18 கண்ணி என்று நம்பி 180 போட்டு, கை தளர்ந்து 16தான் விழுந்தால், 100 செ.மீ. அகலம் 112.5 ஆகும். நூல் பாதியில் தீரும். கடையில் அதே நிறம் இருக்கும், அதே சாய லாட் இருக்காது. இரும்புக் கம்பிக்கு ஹீட் நம்பர் போல நூலுக்கு லாட் நம்பர். மாறினால் போர்வையின் நடுவே கோடு தெரியும்.

இவ்வட்டாரத்துக்கு ஏற்றது பருத்தி நூல். அதற்கு மீள்தன்மை குறைவு, கனமும் அதிகம்; பெரிய போர்வை தன் எடையிலேயே தொங்கும். ஆகவே அகலம் ஒரு மீட்டர், நடுவில் கூடைப் பின்னல், சுற்றிலும் கார்ட்டர் கரை. கேபிள்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஊட்டிக்கு மாற்றல் கேட்டுப் பார்க்கலாம்.