லிஃப்டில் ஒரு ஈர மூக்கு

கேள்வி: சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்கிறோம். லிஃப்டில் நாயைக் கண்டாலே பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். நாயைப் பிடிக்காதோ?

பதில்: பிடிக்காமல் இல்லை, பட்டுவிடக் கூடாதே என்றுதான்! மலாய் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டப் பிரிவைப் பின்பற்றுகிறவர்கள். அதன்படி நாயின் எச்சில் பட்டால் 7 முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். தொழுகைக்குக் கிளம்பியவரின் பாவாடை நுனியில் உங்கள் செல்லத்தின் ஈர மூக்கு உரசினால் என்ன பாடு, யோசியுங்கள். அது அன்பாகத்தான் மோப்பம் பிடிக்கும், கழுவுகிறவர் அவரல்லவா?

நம் ஊர்ப் பாட்டிகள் மட்டும் என்ன? பைரவர் வாகனம் என்று கும்பிடுவார்கள், மிஞ்சிய சோற்றைத் திண்ணையடியில் வைப்பார்கள். அடுப்படிக்குள் கால் வைத்தால் விளக்குமாறு பறக்கும். அந்தப் பாட்டியின் பேத்திதான் இன்று சோபாவில் நாயோடு தூங்குகிறாள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஒரு நாய்தான், அதுவும் பொதுவாக அனுமதித்த சிறிய இனம்தான் என்கிறது விதி. ஆனால் கயிற்றின் நீளம் உங்கள் கையில். சுருக்கிப் பிடித்து, “நீங்க முதல்ல போங்க, அக்கா” என்று அடுத்த லிஃப்டுக்கு நில்லுங்கள். நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் வந்தாலும் வரும்.