நொய்யல் கரையிலிருந்து ஒரு கப்பல் யோசனை

படகு ஃபிரிட்ஜில் குளிர் தங்குவதற்குத் தொண்டாமுத்தூரிலிருந்து யோசனை சொல்வதில் ஒரு சௌகரியம்: நொய்யலில் படகு விட முதலில் தண்ணீர் வர வேண்டும், அதுவரை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது.

1833-இல் பாஸ்டனிலிருந்து கிளம்பிய டஸ்கனி கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு நான்கு மாதம் மிதந்து, சுமார் 100 டன்னைக் கல்கத்தாவில் இறக்கியது. கம்ப்ரசர் இல்லை, ஐந்து நட்சத்திர ஸ்டிக்கரும் இல்லை. பிறகு, அதை அனுப்பிய பனிக்கட்டி வியாபாரி டூடரின் சரக்கு சென்னை ஐஸ் ஹவுசுக்கும் வந்தது. அந்த வியாபாரத்துக்குக் கைகொடுத்தது மரத்தூள். அதில் அடைபட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுத்தது. இன்றைய ஃபோம் பலகையும் அதே வித்தைதான், விலைதான் வேறு.

கடல் கடந்து பனிக்கட்டியே வந்தது. நம்மூர்த் தக்காளியோ தார்ப்பாய்க்கடியில் கோவை போவதற்குள் வதங்கிவிடுகிறது.

ஆகவே படகுக்காரரே, உங்கள் ஃபிரிட்ஜின் ஃபோமுக்குள் ஈரம் புகவிடாதீர்கள். கதவு ரப்பரையும் ஒருதரம் பாருங்கள்.