முதல் இரவு ரயிலுக்கு எந்த பெர்த்?

கேள்வி: முதன்முறையாக நெல்லை எக்ஸ்பிரஸில், ஸ்லீப்பர் வகுப்பில் சென்னையிலிருந்து திருநெல்வேலி போகப்போகிறேன். எல்லோரும் ‘லோயர் பெர்த் கேள்’ என்கிறார்கள். சரிதானா?

பதில்: லோயர் பெர்த்தின் பெருமையே ஜன்னல்தான். ராத்திரி வண்டியில் அந்த ஜன்னல் காட்டுவது இருட்டைத்தான்! வயதும் முழங்காலும் இடம் கொடுத்தால் அப்பர் பெர்த் கேளுங்கள். ரயில்வே விதிப்படி படுக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. மற்ற நேரத்தில் லோயர் பெர்த் எல்லோரும் உட்காரும் இருக்கை. மிடில் பெர்த்தை மடக்கினால் அதுவே கீழே இருப்பவரின் முதுகுச் சாய்மானம். ஆக, கீழ்வீட்டுக்காரரும் நடுவீட்டுக்காரரும் ஒருவர் சம்மதமில்லாமல் இன்னொருவர் படுக்க முடியாது. மாடிவீட்டுக்காரர் எட்டு மணிக்கே போர்வையை இழுத்துக்கொள்ளலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள்.

மேலே புழுக்கம் என்பார்கள். உண்மைதான்; ஆனால் மின்விசிறியும் அங்கேதான் பக்கத்தில் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார முடியாது என்பார்கள். நீங்கள் போவது படுக்கத்தானே? பெட்டிக்குக் காவல் வேண்டுமென்றால், லோயர் பெர்த்துக்கு அடியில் உள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, பணத்தையும் போனையும் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம்: ஏணி ஏற முடியாத முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் கீழ்ப்படுக்கையை விட்டால் வேறு வழியில்லை. 3, 6 என்று எண் கிடைத்தால் அது அப்பர் பெர்த்; சந்தோஷமாக ஏறுங்கள்.