ஒட்டாத பசை

கேள்வி: ஒரு பொருள் சந்தையில் ஜெயிப்பது திட்டத்தாலா, அதிர்ஷ்டத்தாலா?

பதில்: அதிர்ஷ்டம் வாசல்வரை வரும், உள்ளே அழைத்து உட்காரவைப்பது வடிவமைப்புதான். 1968-ல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் வலுவான பசையைத் தேடப்போய், ஒட்டியும் ஒட்டாத ஒன்றைக் கண்டார். பசைக்கு இதைவிடக் கெட்ட பெயர் உண்டா! ஆனால் தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளச் சீட்டுகள் நழுவி விழுந்துகொண்டே இருந்த சக ஊழியர் ஆர்ட் ஃப்ரைக்கு, அந்தக் குறைதான் பயன் என்று 1974-ல் பட்டது. அப்படிப் பிறந்த ஒட்டுச் சீட்டின் மஞ்சள் நிறம்கூடப் பக்கத்து ஆய்வகத்தில் கிடந்த காகிதத்தின் நிறம்தான்.

அப்படியானால் எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்பீர்கள். இல்லை. 1977-ல் நான்கு நகரங்களில் கடைக்கு வந்தபோது அந்தச் சீட்டு சரியாக விலைபோகவில்லை. பார்த்தவருக்கு அது வெறும் துண்டுக் காகிதம். மறு ஆண்டு பாய்சி நகரில் இலவசமாகக் கையிலேயே கொடுத்தார்கள். கோப்பில் ஒட்டி, தாள் கிழியாமல் உரித்து, வேறிடத்தில் மறுபடி ஒட்டிப் பார்த்த விரல்கள் அதை விடவில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாங்குவோம் என்றார்கள். இலவசத்தை யார்தான் வேண்டாம் என்பார் என்று கேட்கலாம். கொடுத்ததை வாங்கிக்கொள்வது வேறு, காசு தருகிறேன் என்று மறுபடி கேட்பது வேறு. 1980-ல் போஸ்ட்-இட் என்ற பெயரில் அது அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது.